அமைதி காக்கப் போனவர்கள் – 14: நட்சத்திரத்தின் மூன்று முனைகள்

1991-ல் சியாத் பர்ரேயின் ஆட்சி விழுந்தது, 1993 அக்டோபரில் மொகாதிஷு தெருக்களில் 18 அமெரிக்க வீரர்கள் மடிந்தது, 1995 மார்ச்சில் ஐ.நா. படை சோமாலியாவை விட்டுக் கிளம்பியது எல்லாம் சென்ற வாரம் சொன்னவை. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இதற்கு மேல் நினைவூட்டத் தேவையில்லை.

இந்த வாரம் பணத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சோமாலியாவில் நிற்கும் ஆப்பிரிக்கச் சிப்பாய்க்கு மாதப்படி யார் கொடுக்கிறார்கள் என்ற கதை அது. அதற்காக ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் பழைய தீர்மானங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 2006 டிசம்பர் 6 தேதியிட்ட 1725-ஆம் தீர்மானத்தில் ஒரு விதியைப் பார்த்தேன். நான்கு நாட்களாக அதை விட்டு நகர முடியவில்லை.

விதி இதுதான்: சோமாலியாவோடு எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள், அங்கே போகவிருக்கும் ஆப்பிரிக்க அமைதிப் படைக்கு ஆள் அனுப்பக் கூடாது.

எங்கள் ஊரில் வரப்புத் தகராறு வந்தால் தாலுகா ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் நான்கு பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். என் தாத்தா பலமுறை அந்த நான்கு பேரில் ஒருவராக இருந்திருக்கிறார். ஒருமுறை பக்கத்து நிலத்துக்காரர் தானாகவே வந்து, “நானும் உட்காருகிறேன், எனக்குத் தெரியாத வரப்பா?” என்றார். தாத்தா மரியாதையாகவே மறுத்துவிட்டார். பிறகு வீட்டில் எங்களிடம் சொன்னார்: “நல்ல மனுஷன்தான். ஆனா அதே வாய்க்கால்தானே அவன் வயலுக்கும் போகுது? அவன் எப்படி நடுவுல நின்னு பேசுவான்?”

1725-ஆம் தீர்மானம் சொல்வதும் அதைத்தான். ஏன் சோமாலியாவுக்கு மட்டும் இவ்வளவு வெளிப்படையாக எழுத வேண்டிவந்தது என்று தேடிப் போனால், விடை அந்த நாட்டின் கொடியில் இருக்கிறது.

சோமாலியாவின் கொடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிர் நீலத் துணி, நடுவில் ஐந்து முனை கொண்ட வெள்ளை நட்சத்திரம். முகமது அவாலே லிபான் வடிவமைத்து 1954 அக்டோபர் 12-ல் ஏற்கப்பட்டது. அப்போது தெற்கு சோமாலியா ஐ.நா.வின் பொறுப்பில் இத்தாலி நிர்வகித்த பகுதி. அதனால் அந்த நீலம் ஐ.நா. கொடியிலிருந்தே எடுக்கப்பட்டது. அமைதிப் படைகளைப் பற்றி இத்தனை வாரமாக எழுதிவரும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாக இருந்தது. ஐ.நா.வின் நிறத்தையே உடுத்திக்கொண்டு பிறந்த நாடு அது.

நட்சத்திரம் இன்னும் முக்கியம். அதன் ஐந்து முனைகள், சோமாலி மக்கள் வாழும் ஐந்து நிலங்கள். ஒன்று இத்தாலியர் ஆண்ட தெற்கு. இன்னொன்று ஆங்கிலேயர் ஆண்ட வடக்கு. இந்த இரண்டும் 1960 ஜூலை 1-ல் இணைந்து சோமாலியா ஆயின. மற்ற மூன்று முனைகள் எங்கே? எத்தியோப்பியாவின் ஒகாடன். அன்றைக்கு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஜிபூட்டி. கென்யாவின் வடகிழக்கு. சோமாலியாவுக்கு நில எல்லை உள்ள நாடுகளும் இதே மூன்றுதான்! கம்பத்தில் ஏறும் கொடியே அண்டை வீட்டார் மூவரிடமும் “உங்கள் நிலத்தில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள்” என்று சொல்கிறது.

கொடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1963-ல் கென்யா விடுதலை பெற்றதும் வடகிழக்கில் சோமாலிகள் ஆயுதம் ஏந்தினார்கள். 1967 வரை சண்டை நடந்தது. 1977-ல் சியாத் பர்ரே ஒகாடனுக்குள் படையெடுத்தார். சோவியத் யூனியன் எத்தியோப்பியாவின் பக்கம் சாய்ந்தது, கியூபாவிலிருந்து படைகள் வந்து இறங்கின, 1978 மார்ச்சில் சோமாலியப் படை தோற்றுத் திரும்பியது. அதே 1977-ல் ஜிபூட்டி, நட்சத்திரத்தில் சேராமல் தனி நாடாயிற்று. இத்தனைக்கும் பிறகு இந்த மூவரில் யார் மொகாதிஷுவில் துப்பாக்கியோடு நின்றாலும், சோமாலியருக்கு அவர் காவலராகத் தெரிவாரா?

சோமாலியருக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2004-ல் அமைந்த இடைக்கால அரசு சொந்த மண்ணில் கால் வைக்க முடியாமல் கென்யாவின் நைரோபியில் இருந்தது. அதிபர் அப்துல்லாஹி யூசுப் ஆப்பிரிக்கப் படை வேண்டும் என்றார். அதில் அண்டை நாடுகளும் இருக்கலாமா? 2005 மார்ச்சில் நைரோபி ஹோட்டல் ஒன்றில் கூடிய சோமாலிய நாடாளுமன்றம் இதே கேள்வியில் அடிதடியில் முடிந்தது. உறுப்பினர்கள் நாற்காலிகளைத் தூக்கி ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். பசியும் பஞ்சமும் இருந்த நாட்டின் பிரதிநிதிகள் இந்த ஒரு கேள்விக்காக ரத்தம் சிந்தினார்கள் என்றால், அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய கேள்வி என்று புரிந்துகொள்ளலாம்.

இனி ஒரு கழித்தல் கணக்கு. படை அனுப்பும் யோசனை ‘இகாட்’ என்ற வட்டார அமைப்புடையது. அன்று அதில் ஏழு நாடுகள். சோமாலியாவைக் கழித்தால் ஆறு. 1725-ஆம் தீர்மானத்தின்படி எத்தியோப்பியா, கென்யா, ஜிபூட்டியைக் கழித்தால் மிச்சம் மூன்று: சூடான், எரித்திரியா, உகாண்டா. சூடான் தன் டார்ஃபூரிலேயே எரிந்துகொண்டிருந்தது. எரித்திரியா 1998 முதல் 2000 வரை எத்தியோப்பியாவோடு பெரும் போர் நடத்திய நாடு. அது வருவதை எத்தியோப்பியா ஒருநாளும் ஏற்காது. மிஞ்சியது உகாண்டா மட்டும்.

தீர்மானம் வந்து மூன்று வாரம் முடிவதற்குள், எந்த நாடு வரக் கூடாது என்று முதலில் நினைத்தார்களோ அந்த எத்தியோப்பியாவே வந்துவிட்டது. அமைதிப் படையாக வரவில்லை. இடைக்கால அரசின் அழைப்பு என்று சொல்லி, போர்ப் படையாக வந்தது. மொகாதிஷுவை ஆண்டுகொண்டிருந்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியத்தை விரட்டி, 2006 டிசம்பர் 28-ல் நகரைப் பிடித்தது. அதன் விளைவு என்ன? ஒன்றியத்தின் ஓர் இளைஞர் பிரிவாக இருந்த அல்-ஷபாப், “எத்தியோப்பியன் நம் மண்ணில் நிற்கிறான்” என்ற ஒரே முழக்கத்தில் பெரும் இயக்கமாக வளர்ந்தது. தாத்தா சொன்ன நியாயத்தை மீறியதற்கு சோமாலியா கொடுத்த விலை அது.

2007 ஜனவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ‘அமிசோம்’ படையை அறிவித்தது. 8,000 பேர் என்பது திட்டம். நைஜீரியா, கானா, மலாவி எல்லாம் தலையாட்டின. மார்ச் 6-ஆம் தேதி மொகாதிஷு விமான நிலையத்தில் முதலில் இறங்கியவர்கள் உகாண்டா வீரர்கள். வரவேற்பாக மோர்ட்டார் குண்டுகள் விழுந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் புருண்டி வரும்வரை அவர்கள் தனியாகவே நின்றார்கள். உகாண்டாவுக்கும் புருண்டிக்கும் சோமாலியாவோடு ஓர் அங்குல எல்லைகூட இல்லை. விதியைக் காப்பாற்றியவர்கள் இந்த இரண்டு ஏழை நாட்டுச் சிப்பாய்கள். அதற்காக உகாண்டா தன் தலைநகரிலும் ரத்தம் கொடுத்தது. 2010 ஜூலை 11-ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பாலா மக்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை அல்-ஷபாப்பின் குண்டுகள் கொன்றன.

இரண்டு நாடுகளால் எவ்வளவு சுமக்க முடியும்? விதி மெல்லக் கரைந்தது. 2011 டிசம்பரில் ஜிபூட்டி வந்தது. 2011 அக்டோபரில் தானாகவே எல்லை தாண்டியிருந்த கென்யா, 2012-ல் அமைதிப் படையின் பெயருக்கு மாறிக்கொண்டது. 2014 ஜனவரியில் எத்தியோப்பியாவும் சேர்ந்தது. நட்சத்திரத்தின் மூன்று முனைகளும் உள்ளே வந்தாயிற்று.

யார் எங்கே நின்றார்கள் என்று வரைபடத்தில் பாருங்கள். உகாண்டா மொகாதிஷுவிலும் அதைச் சுற்றியும். புருண்டி அதற்கு வடக்கே ஜோஹர் பக்கம். கென்யாவோ தன் எல்லையை ஒட்டிய ஜுபாலாந்தில், கிஸ்மாயோ துறைமுகத்தோடு. எத்தியோப்பியா தன் எல்லைப் பக்கமான பைதோவாவில். (1993-94-ல் ஐ.நா. படையில் போன நம் இந்தியப் பிரிகேடு நின்ற அதே பைதோவா. அந்தக் கதைக்குத் தனி வாரம் வேண்டும்.) எல்லை இல்லாதவர்கள் தலைநகரைக் காத்தார்கள், எல்லை உள்ளவர்கள் பெரும்பாலும் தங்கள் எல்லையைக் காத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பக்கத்து வீடு எரிந்தால் யாரும் முதலில் தன் கூரைமீதுதான் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆனால் அதற்கு அமைதி காப்பது என்று பெயர் வைத்தால் கணக்கு தப்பாகிவிடும்.

தப்பான கணக்கு 2024-ல் வெளியே வந்தது. அந்த ஆண்டின் முதல் நாளே எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது, சோமாலிலாந்தோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். சோமாலிலாந்து 1991-ல் பிரிந்துபோன வடக்கு. சோமாலியா அதைத் தன் நிலமாகவே கருதுகிறது. எரித்திரியா 1993-ல் பிரிந்ததிலிருந்து கடலில்லாமல் தவிக்கும் எத்தியோப்பியாவுக்கு 20 கிலோமீட்டர் கடற்கரை 50 ஆண்டுக் குத்தகைக்கு என்பது பேச்சு. மொகாதிஷு கொதித்தது. உடன்பாட்டைக் கைவிடாவிட்டால் எத்தியோப்பிய வீரர்கள் ஆண்டு முடிவோடு வெளியேற வேண்டும் என்றது. எங்களைக் காக்க வந்தவனே எங்கள் கடற்கரையைக் கேட்கிறான் என்பது சோமாலியரின் குமுறல்.

அடுத்து எகிப்து வந்தது. 2024 ஆகஸ்டில் கெய்ரோவும் மொகாதிஷுவும் ராணுவ உடன்பாடு செய்துகொண்டன. சில நாட்களில் எகிப்திய விமானங்கள் ஆயுதங்களோடு மொகாதிஷுவில் இறங்கின. அப்போதிருந்த படைக்குப் பதிலாக அமையவிருந்த புதிய அமைதிப் படைக்கும் ஆள் தருகிறேன் என்றது எகிப்து. 1725-ஆம் தீர்மானத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இதில் தவறில்லை. எகிப்துக்கு சோமாலியாவோடு எல்லை இல்லை. ஆனால் எத்தியோப்பியா நீல நைலில் 2011 முதல் கட்டிவந்த பேரணைக்காக எகிப்து அதனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. வரப்பு ஒட்டவில்லை, வாய்க்கால் ஒட்டுகிறது. தாத்தா இருந்திருந்தால் எகிப்தையும் எழுப்பி அனுப்பியிருப்பார்.

இந்த முடிச்சைத் தற்காலிகமாக அவிழ்த்தது துருக்கி. டிசம்பர் 11-ல் அங்காராவில் எர்டோகன் முன்னிலையில் அபி அகமதுவும் சோமாலிய அதிபர் ஹசன் ஷேக் முகமதுவும் ஓர் அறிக்கைக்கு ஒப்பினார்கள்: எத்தியோப்பியாவுக்குக் கடல்வழி கிடைக்கப் பேசலாம், அது சோமாலியாவின் இறையாண்மைக்கு உட்பட்டே இருக்க வேண்டும். 16 நாள் கழித்து, டிசம்பர் 27-ல், பாதுகாப்பு கவுன்சில் புதிய படைக்கு அனுமதி தந்தது. 2025-ல் பங்கீடு முடிவானபோது உகாண்டாவுக்கு 4,500 பேர், எத்தியோப்பியாவுக்கு 2,500, ஜிபூட்டிக்கு 1,520, கென்யாவுக்கு 1,410, எகிப்துக்கு 1,091. எத்தனை பேர் அனுப்புவது என்ற பேச்சில் உடன்பாடு வராமல், 17 ஆண்டு நின்ற புருண்டி வெளியேறியது. எல்லையும் இல்லாமல், ஆற்றுச் சண்டையும் இல்லாமல் நின்ற நாடு போய்விட்டது.

நான்கு நாள் யோசித்ததில் எனக்குத் தெளிவானது இது. 2006-ல் எழுதிய அந்த விதி சரியானது. அதை எழுதியவர்கள் அதற்கான விலையைக் கொடுக்கவில்லை என்பதே பிழை. அண்டை வீட்டான் வேண்டாம் என்றால், தொலைவிலிருந்து வருபவனுக்கு வண்டிச்சத்தமும் சாப்பாடும் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்க உலகம் தயங்கியது. பக்கத்தில் இருப்பவன்தான் சொந்தச் செலவில், சொந்தக் காரணத்துக்காக, உடனே வருவான். ஆக, எல்லையின் கதையும் பணத்தின் கதையும் ஒன்றுதான்.

பணத்தை அடுத்த வாரம் முழுமையாக எழுதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வீரருக்கு மாதம் 1,028 டாலர் என்று கொடுத்தது, அதில் 2016-ல் 20 சதவீதம் வெட்டியது, புருண்டி வீரர்களின் படி அரசின் கைக்குப் போகக் கூடாது என்று தகராறு வந்தது, எல்லாம் அதில் உண்டு. அதுவரை ஒன்றை மட்டும் மனதில் வைத்திருங்கள். உகாண்டா வீரர்கள் இறங்குவதற்கு முன், 2007 பிப்ரவரியில், பாதுகாப்பு கவுன்சில் இந்தப் படைக்கு முதலில் விதித்த காலம் ஆறு மாதம்.