பட்ஜெட் ₹60,000... எந்த நாட்டுக்குப் போகலாம்? டிக்கெட்டைத் தாண்டி ஒளிந்திருக்கும் செலவுகள் என்னென்ன?

“கோவா போற காசுல தாய்லாந்தே போய்ட்டு வந்துடலாம் ப்ரோ!”

ஆபீஸ் கேன்டீனிலோ, வாட்ஸ்அப் குரூப்பிலோ இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. இதில் பாதி உண்மை. பீக் சீசனில் உள்நாட்டு டிக்கெட்டும் ஹோட்டலும் விற்கிற விலைக்கு, அக்கம்பக்கத்து நாடு ஒன்றைப் பார்த்துவிட்டு வருவது சாத்தியம்தான். மீதிப் பாதி, ரீல்ஸில் சொல்லாமல் விடுகிற பகுதி. விசா கட்டணம், லக்கேஜ் கட்டணம், கார்டு தேய்க்கும்போது பிடிக்கிற காசு, மழைக்காலத்தில் போய் ஹோட்டல் அறையிலேயே உட்கார்ந்திருப்பது... இதையெல்லாம் சேர்த்தால்தான் உண்மையான பட்ஜெட் தெரியும்.

மாதச் சம்பளத்தில் ஆறு மாதம், ஒரு வருடம் சேர்த்து வைத்து முதல்முறை வெளிநாடு கிளம்புகிறவர்களுக்காக, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், காசை எப்படிப் பிரிப்பது?

கையில் ₹60,000 இருக்கிறது, ஆறு நாள் பயணம் என்று வைத்துக்கொள்வோம். எளிமையான ஒரு கணக்கு: போக வர விமான டிக்கெட், லக்கேஜோடு சேர்த்து, மொத்தத்தில் 40 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது ₹24,000. அவசரத்துக்கு என 10 சதவிகிதம், ₹6,000-ஐத் தொடாமல் வைத்துவிடுங்கள். மீதி ₹30,000. ஆறு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு ₹5,000. தங்குவது, சாப்பாடு, உள்ளூர்ப் பயணம், நுழைவுக் கட்டணம், விசா எல்லாம் இதற்குள்தான்.

டிக்கெட்டே ₹35,000 என்றால், அந்த நாட்டில் இட்லி பத்து ரூபாய்க்குக் கிடைத்தாலும் உங்களுக்கு அது பட்ஜெட் நாடு இல்லை. டிக்கெட் மலிவாக இருந்து அங்கே விலைவாசி அதிகம் என்றாலும் இதே கதைதான். இரண்டும் சேர்ந்து அமைய வேண்டும்.

இன்னொரு விஷயம். சில பட்ஜெட் விமானங்களில் திரையில் காட்டும் விலை, 7 கிலோ கைப்பைக்கு மட்டும். பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். அதை ஆன்லைனில் முன்கூட்டியே போட்டால் ஒரு விலை, ஏர்போர்ட் கவுன்டரில் போய்க் கேட்டால் அதைவிட அதிகம். எனவே ஒப்பிடும்போது லக்கேஜையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

இலங்கை: மிக அருகில் ஒரு வெளிநாடு

சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. யாழ்ப்பாணத்துக்கும் சென்னை, திருச்சியிலிருந்து நேரடி விமான சேவை தொடங்கப்பட்டிருக்கிறது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடல் சீற்றமாக இருந்தால் கப்பல் ரத்தாகும். அதனால் திரும்பி வந்து மறுநாளே ஆபீஸ் போக வேண்டிய நிலையில் கப்பலை நம்பாதீர்கள்.

போவதற்கு முன் இ.டி.ஏ எனும் பயண அனுமதியை ஆன்லைனில் பெற வேண்டும். இந்தியர்களுக்கு இது இலவசமா, கட்டணமா என்பது சில ஆண்டுகளாகவே மாறி மாறி வருகிறது. விண்ணப்பிக்கிற அன்று இலங்கை குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ தளத்தில் இருப்பதே சரியான தகவல்.

பலர் கவனிக்காத ஒரு சலுகை உண்டு. சிகிரியா போன்ற தொல்லியல் இடங்களில் வெளிநாட்டினருக்குக் கட்டணம் டாலர் கணக்கில் இருக்கும். ஆனால் சார்க் நாட்டினர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஏறக்குறைய பாதிதான். பாஸ்போர்ட்டை ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போனால் அந்தப் பாதி போச்சு!

சீசன்: கொழும்பு, காலி, மிரிஸ்ஸ பக்கம் என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை. திருகோணமலை, அறுகம்பே பக்கம் என்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. ஒரு கரையில் மழை பெய்யும்போது இன்னொரு கரையில் வெயில் அடிக்கிற நாடு அது.

மலேசியா: முதல் பயணத்துக்கு ஏற்றது

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாட்கள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், எம்டிஏசி எனும் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. யாராவது காசு கேட்டால் அது தனியார் தளம் என்று அர்த்தம்.

சென்னை, திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் பட்ஜெட் விமானங்கள் இருக்கின்றன. அங்கே போனால் தமிழ் பேசும் டாக்ஸி டிரைவர், வாழை இலைச் சாப்பாட்டுக் கடை, மாமாக் கடை ரொட்டி சானாய் என்று மொழிக்கும் வயிற்றுக்கும் பெரிய சிரமம் இல்லை. பத்துமலை முருகன் கோயிலுக்குக் கோலாலம்பூரிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயிலிலேயே போகலாம். 272 படிகள், கால் வலி மட்டும் உங்கள் பொறுப்பு.

ஹோட்டலில் சுற்றுலா வரியாக அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட், நம்ம காசில் ₹200-க்குச் சற்று மேல், தனியாக வாங்குவார்கள். ஆன்லைனில் ரூம் போடும்போது பெரும்பாலும் இது விலையில் சேர்ந்திருக்காது. பெர்ஹெந்தியன், ரெடாங் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழையால் பெரும்பாலான ரிசார்ட்டுகள் மூடிவிடும்.

தாய்லாந்து: மலிவுதான், ஆனால் எங்கே?

2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு. 2024 ஜூலையில் அது 60 நாட்களாக உயர்த்தப்பட்டது. இதெல்லாம் அரசு உத்தரவில் வந்த சலுகை. உத்தரவிலேயே மாறவும் செய்யும். டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபாருங்கள். 2025 மே 1 முதல் இங்கும் டிடிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இதுவும் இலவசம்.

பாங்காக்கில் தெருவோரச் சாப்பாடு, மெட்ரோ, ஹாஸ்டல் எல்லாம் கைக்கு அடக்கமாகவே இருக்கும். ஃபூகெட், கிராபி என்று தீவுப் பக்கம் போனால் படகு, டூர், டாக்ஸி என்று செலவு ஏறிவிடும். ஆறு நாளில் பாங்காக், பட்டாயா, ஃபூகெட், கிராபி என நாலு ஊர் போடுகிற பேக்கேஜ்களில் பாதி நாள் பஸ்ஸிலும் ஏர்போர்ட்டிலும்தான் போகும். இரண்டு ஊர் போதும்.

அந்தமான் கடல் பக்கமுள்ள ஃபூகெட், கிராபியில் மே முதல் அக்டோபர் வரை மழை. கோ சமுயி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ‘ஆஃப் சீசன் ஆஃபர்’ என்று பாதி விலைக்குக் கிடைத்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

வியட்நாம்: டிக்கெட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஆகும் செலவு இந்தப் பட்டியலில் குறைவான ஒன்று. விமான டிக்கெட் மட்டும் தேதிக்குத் தேதி ஏறி இறங்கும். இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 90 நாட்கள் வரை செல்லும். கூகுளில் தேடினால் அரசு தளத்துக்கு மேலேயே விளம்பரத் தளங்கள் வந்து நிற்கும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்குவார்கள். பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரலாம். கட்டிய பணம் திரும்ப வராது.

நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே சுமார் முந்நூறு டாங். எல்லோரும் லட்சாதிபதி ஆகிவிடுவோம். ஆனால் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம். ராத்திரி டாக்ஸியில் மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு காலி! இரண்டையும் பர்ஸில் தனித்தனியாக வையுங்கள்.

ஹோய் ஆன் போகிறவர்கள் அருகிலுள்ள மி சன் கோயில்களைத் தவறவிடாதீர்கள். சம்பா மன்னர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள். 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. ஹோ சி மின் நகரின் நடுவிலேயே தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன், ஹுவே பக்கம் வெள்ளம் வருகிற காலம்.

நேபாளம், பூடான், பாலி: எல்லாம் ஒரே கணக்கா?

இல்லை. நேபாளத்துக்கு விசாவும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் கட்டாயம் இல்லை. வாக்காளர் அட்டை போதும். ஆனால் 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் இருப்பவர்கள் ஆதாரை மட்டும் வைத்துக்கொண்டு விமானத்தில் போக முடியாது. ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். அன்னபூர்ணா மலையேற்றப் பகுதிக்கு மற்ற வெளிநாட்டினருக்கு 3,000 நேபாள ரூபாய் என்றால், சார்க் நாட்டினருக்கு 1,000 மட்டுமே. அதாவது ₹625. நேரம் இருப்பவர்கள் கோரக்பூர் வரை ரயிலில் போய், சோனாலி எல்லை வழியாக நுழைந்தால் டிக்கெட் செலவு வெகுவாகக் குறையும்.

பூடானும் பக்கம்தான், விசாவும் இல்லை. ஆனால் இந்தியர்களுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு ₹1,200 நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் உண்டு. இரண்டு பேர், ஐந்து இரவு என்றால் ₹12,000. ஹோட்டலும் சாப்பாடும் இதில் சேராது.

பாலிக்கு வருகை விசா 5,00,000 ரூபியா, அதோடு 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலாக் கட்டணம் 1,50,000 ரூபியா. இரண்டும் சேர்த்து நம்ம காசில் ஏறக்குறைய ₹3,500. நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால், இறங்கியதுமே ₹14,000 போய்விடும்.

பணத்தை எப்படி எடுத்துச் செல்வது?

சாதாரண கிரெடிட், டெபிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பெரும்பாலான வங்கிகள் 2 முதல் 3.5 சதவிகிதம் மார்க்அப் பிடிக்கும். அதன்மேல் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி. ₹40,000 செலவழித்தால், 3.5 சதவிகிதக் கணக்கில் ₹1,400, ஜிஎஸ்டி ₹252. ஆக ₹1,652 கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மார்க்அப் இல்லாத கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடையில் கார்டு மெஷின் ‘இந்திய ரூபாயில் கட்டலாமா?’ என்று கேட்கும். ஆசையாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்று விகிதத்தை அவர்களே கூடுதலாக வைத்திருப்பார்கள். எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். எனவே கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நஷ்டம்.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் போய் ‘ஆன்’ செய்தீர்களா என்று கிளம்பும் முன் பாருங்கள். நேபாளம், பூடான், இலங்கையில் நம்ம யுபிஐ சேவை அறிமுகமாகியிருக்கிறது. ஆனாலும் எல்லாக் கடைகளிலும் ஓடாது, கொஞ்சம் ரொக்கம் அவசியம்.

டூர் பேக்கேஜ் எடுத்தால் பில்லில் டிசிஎஸ் என்று ஒரு தொகை சேரும். இது கூடுதல் செலவு அல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். அதற்கு பான் எண் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

‘விசா வேண்டாம்’ என்றால் அப்படியே போய்விடலாமா?

விசா விலக்கு என்பது உள்ளே விட்டே தீர வேண்டும் என்ற உத்தரவாதம் அல்ல. கடைசி முடிவு இமிக்ரேஷன் அதிகாரியுடையது. திரும்பும் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு, கையிருப்பு ஆகியவற்றைக் கேட்கலாம். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

நம்மூர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பலரின் பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிக்க முடியாது என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் எனத் தெளிவுபடுத்தியது. டிக்கெட், விசா, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் புக் செய்யும் முன்பே விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

‘டிக்கெட் நாங்க போடுறோம்’ என்று யாராவது சொன்னால்?

இதுதான் மிக முக்கியம். தாய்லாந்தில் ஐடி வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி இளைஞர்களைச் சுற்றுலாப் பயணிகளாக அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதியில் சைபர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கவைத்த சம்பவங்கள் நடந்தன. 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் இதுபற்றி எச்சரித்தது. சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு.

சுற்றுலா அனுமதியில் போய் வேலை பார்ப்பது சட்டவிரோதம். ‘முதல்ல டூரிஸ்ட்டா வாங்க, விசாவை அங்க வந்து மாத்திக்கலாம்’ என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும், தெரிந்தவராகவே இருந்தாலும், போகாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கான ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

புக் பட்டனைத் தட்டும் முன்...

* போகும் மாதத்தில் அந்த ஊரில் மழையா, வெயிலா?
* லக்கேஜ் சேர்த்த டிக்கெட் விலை பட்ஜெட்டில் 40 சதவிகிதத்துக்குள் இருக்கிறதா?
* விசா, வருகை அட்டை இரண்டையும் அந்நாட்டு அரசின் தளத்தில் பார்த்தீர்களா?
* பயணக் காப்பீடு எடுத்தாயிற்றா? சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும். வெளிநாட்டில் ஒரு நாள் மருத்துவமனைச் செலவு மொத்த பட்ஜெட்டையே விழுங்கிவிடும்.
* பாஸ்போர்ட், டிக்கெட், காப்பீடு ஆகியவற்றின் நகல் வீட்டில் ஒருவரிடம் இருக்கிறதா?

முதல் பயணம் என்றால் மலேசியா அல்லது இலங்கை. இரண்டாவது தடவை, கொஞ்சம் தைரியம் வந்த பிறகு வியட்நாம். மலை பிடிக்கும், நாள் அதிகம் இருக்கிறது என்றால் நேபாளம். இந்த வரிசையில் போனால் ₹60,000-க்குள் திரும்பி வரலாம். அந்த ₹6,000-ஐத் தொடாமல் கொண்டுவந்துவிட்டால், அடுத்த பயணத்துக்கான சேமிப்பு அன்றைக்கே தொடங்கிவிடும்.