மாட்டுக்கும் தாய்க்கும் ஒரே ஊசியா?

பிள்ளையார்குப்பத்தைச் சுற்றியுள்ள பாகூர் கொம்யூன் கிராமங்களில் கறவை மாடு வளர்க்கும் குடும்பங்கள் பல. ஆகவே, பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள், "மாட்டுக்குப் பால் இறங்கப் போடும் ஊசியைத்தான் எங்கள் பெண்ணுக்கும் போடுகிறீர்களா?" என்று அச்சத்துடன் கேட்பதை நாம் தவறாகக் கருதுவதில்லை. ஆம், மருந்து ஒன்றே. அதன் பெயர் ஆக்சிடோசின்.

ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு மணிமாலை இது. மூளையில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து இரத்தத்தில் கலக்கிறது. பசு, ஆடு, மனிதர் ஆகிய மூவரிடத்தும் இம்மாலையில் ஒரு மணி கூட வேறுபடுவதில்லை. 1906இல் ஆங்கிலேயரான ஹென்றி டேல், மாட்டின் பிட்யூட்டரிச் சாறு சினைப் பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். 1953இல் அமெரிக்கரான வின்சென்ட் டு விக்னோ இதனைச் செயற்கையாக உருவாக்கினார். 1955இல் நோபல் பரிசு பெற்றார்.

இதன் உறவுகள் பாலூட்டிகளோடு நின்றுவிடவில்லை. கோழியிடமும் தவளையிடமும் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய மீசோடோசின் உண்டு. மீன்களிடம் இரண்டு மாறிய ஐசோடோசின். கோழி முட்டையை வெளித்தள்ள உதவுவது இக்குடும்பத்தின் மற்றொரு கிளையான வாசோடோசின். நம் வயல்மண்ணைக் கிளறும் மண்புழுவின் இனத்திலும் அனெடோசின் என்னும் உறவுப்பொருள் இருக்கிறது. அதைச் செலுத்தினால் புழு முட்டையிடும் செயல்களைத் தொடங்கிவிடுகிறது. அறுபது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மூதாதையிடமிருந்து இவ்வேதிப்பொருள் வழிவழியாக வந்திருக்கிறது. வியப்பாக, தேனீ இதனை முற்றிலும் இழந்துவிட்டது. இதை 'அன்பு ஹார்மோன்' என்று மட்டும் அழைப்பது பொருந்தாது என்பது எம் கருத்து. அதன் மிகப் பழைய வேலைகளுள் ஒன்று, உள்ளிருப்பதை வெளியே அனுப்புவதே.

கன்று மடியை முட்டும்போது பசுவின் மூளை ஆக்சிடோசினைச் சுரக்கிறது. மடியின் நுண்தசைகள் சுருங்கிப் பால் காம்புக்கு இறங்குகிறது. பசு மிரண்டால் அது நின்றுவிடும். பால்காரர்கள் இதை நன்கறிவர். தாயிடத்தும் அப்படியே. குழந்தை சப்பும்போதும், சில வேளை அதன் அழுகுரல் கேட்ட அளவிலும் பால் இறங்குகிறது. வலி, அச்சம், உறக்கமின்மை ஆகியன அதனைத் தடுக்கும். முதலிரு நாள்களில் சீம்பால் சிறிதளவே வருவது இயல்பு. அப்போது "உனக்குப் பாலே இல்லை" என்று தாயின் காதுபடச் சொல்வது, பால் இறங்குவதைத் தடுக்கும் மனக்கலக்கத்தையே கூட்டும்.

குழந்தை பிறந்தவுடன் நாம் 10 யூனிட் ஆக்சிடோசின் செலுத்துவது வேறொரு காரணத்துக்காக. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் இரத்தக்குழாய்கள் திறந்திருக்கும். கருப்பை இறுகச் சுருங்கினால்தான் அவை மூடும். சுருங்காவிடில் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தான இரத்தப்போக்கு ஏற்படலாம். இம்மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் காத்து வைக்க வேண்டும். வெப்பத்தில் வீரியம் குன்றும்.

மாடுகளுக்கு இதனை மிகுதியாகப் போடும் வழக்கத்தைத் தடுக்க, நடுவண் அரசு 2018இல் தனியார் உற்பத்திக்குத் தடை விதித்தது. தாய்மார்களுக்கு இம்மருந்து கிடைக்காமற்போகும் என்ற வாதம் எழவே, தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் அந்த ஆணையை நீக்கியது. ஊசி போட்ட மாட்டின் பாலைக் குடித்தால் என்னாகும் என்றும் கேட்கிறார்கள். இது புரதத்துணுக்கு ஆதலால் வயிற்றில் செரித்துவிடும். அடிக்கடி ஊசிக்கு ஆளாகும் மாட்டின் துன்பம்தான் எமக்குக் கவலை தருகிறது.

பிரசவத்துக்கு முன் வலி வரவழைக்க இதைக் கொடுக்கும்போது, நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்தபடியே கொடுக்கிறோம். அளவு மிஞ்சினால் கருப்பை கிழியலாம். குழந்தைக்கு மூச்சுத்திணறல் உண்டாகலாம். ஆகவே, இங்கு வருமுன் வீட்டிலோ வேறிடத்திலோ 'வலி ஊசி' போடப்பட்டிருந்தால், சேர்க்கும்போதே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள்.