கல்பாக்கம்: அணு உலைகளின் வேலியும் காட்டுயிர்களின் கரையும்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கிழக்கே வங்கக் கடலும் எல்லைகளாக அமைந்த ஒடுங்கிய மணற்பரப்பில் கல்பாக்கம் அணுசக்தி வளாகம் அமைந்துள்ளது. அதற்கு வடக்கே டச்சுக்காரர் கோட்டையைக் கொண்ட சதுரங்கப்பட்டினமும் அதையொட்டிய உப்பங்கழியும், தெற்கே பாலாறு கடலில் கலக்கும் கழிமுகமும் இருப்பதால், மின் உற்பத்திக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்த இடம், முட்டையிடக் கரையேறும் கடலாமைகளுக்கும் வலசை வரும் நீர்ப்பறவைகளுக்கும் கடலை நம்பி வாழும் மீனவக் குப்பங்களுக்கும் உரிய இடமாகவும் இருக்கிறது. பாதுகாப்புக்காகப் போடப்பட்ட வேலி காட்டுயிர்களுக்குத் தற்செயலாகக் காப்பளித்திருப்பது உண்மையே. அந்தக் காப்பை முழுமையானது என்று எண்ணிவிட முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

உலைகளுக்குக் கடல் எதற்கு?

முற்றிலும் இந்தியப் பொறியாளர்களால் கட்டப்பட்ட முதல் அணுமின் நிலையமான சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு அலகுகள் 1984, 1986 ஆம் ஆண்டுகளில் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஒவ்வொன்றும் 220 மெகாவாட் திறனுடைய இவை, நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கக் கனநீரைப் பயன்படுத்தும் உலைகளாகும். 1971 இல் தொடங்கப்பட்ட ஆய்வு மையம் இன்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் அருகிலேயே இயங்குகிறது. உருகிய சோடியத்தால் குளிர்விக்கப்படுவதும், எரிக்கும் எரிபொருளைவிடக் கூடுதலான எரிபொருளை உருவாக்கும் நோக்குடையதுமான 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையும் இதே கரையில்தான் கட்டப்பட்டது. அதன் உலைக்கருவை நிரப்பும் பணி 2024 மார்ச் மாதத்தில் தொடங்கியது.

கனநீர் உலைகளில் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாக மாறுகிறது. சுழலியை விட்டு வெளியேறும் நீராவியை மீண்டும் நீராக்கும்போது எஞ்சிய வெப்பத்தின் பெரும்பகுதி கடல்நீருக்குக் கைமாறுகிறது. கடலடித் தரைக்குக் கீழே குடையப்பட்ட சுரங்கக் குழாய் வழியாக உள்ளே வரும் நீர் இவ்வாறு வெப்பமேறிக் கடலுக்கே திரும்புகிறது. அந்தச் சுரங்கத்தினுள் பச்சை ஆளி போன்ற சிப்பியினங்கள் ஒட்டி வளர்ந்து நீரோட்டத்தை மறிப்பதால், அவற்றைத் தடுக்கக் குளோரின் சேர்க்கப்படுகிறது. சில பருவங்களில் சொறிமீன்கள் கூட்டமாக வந்து வடிகட்டிகளை அடைத்துக்கொள்வதும் உண்டு. ஆக, கடலின் உயிர்வளம் உலையின் அன்றாட இயக்கத்திலேயே குறுக்கிடுகிறது.

கலக்குமிடத்தில் நிகழ்வது

வெளியேறும் நீர் நேராகக் கடலுக்குள் பாய்வதில்லை. கரையோர நீரோட்டம் கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் மணலை வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் கொண்டுசெல்வதால், வாய்க்காலின் முகப்பில் மணல்திட்டு உருவாகிறது. அதனால் சூடான நீர் கரையை ஒட்டிச் சிறிது தொலைவு ஓடிய பின்னரே கடலோடு கலக்க நேர்கிறது. கலக்குமிடமும் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்வதால், பாதிப்பை ஒரே புள்ளியில் நின்று அளந்துவிட முடியாது. அந்த இடத்தை அடுத்த மணலில் புதைந்து வாழும் மட்டி போன்ற சிற்றுயிர்கள் குறைவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். கலக்குமிடத்தை விட்டு விலக விலக இத்தாக்கம் தணிகிறது. பரப்பளவில் இது சிறியது என்றாலும், மட்டியை உண்ணும் மீனுக்கும் பறவைக்கும், அந்த மீனை எதிர்பார்த்துக் கரையோரம் வலை வீசும் குடும்பத்துக்கும் சிறியதன்று.

வேலி தந்த காப்பு

அணுசக்தி ஒழுங்குமுறை விதிகளின்படி, உலையைச் சுற்றிய விலக்கு வளையத்துக்குள் மக்கள் குடியிருக்க இயலாது. அதற்கு வெளியே 5 கிலோமீட்டர் வரையில் மக்கள்தொகைப் பெருக்கம் கட்டுப்படுத்தப்படுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் விடுதிகளும் மனைப்பிரிவுகளும் மணல்மேடுகளைச் சமன்செய்து வந்துள்ள இந்தப் பல்லாண்டுகளில், இவ்விதி கல்பாக்கத்தில் திறந்த மணற்பரப்பையும் புதர்க்காட்டையும் காத்துத் தந்துள்ளது. மணலைப் பிடித்து நிறுத்தும் இராவணன் மீசைப் புல்லும் அடும்புக் கொடியும் மேடுகளில் நிலைத்தால் அலையின் வேகமும் ஓரளவு தணியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடல்நீர் எக்கி நிலையத்துக்குள் புகுந்ததையும், இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டதையும், ஈனுலைக்காகத் தோண்டிய அடித்தளக் குழி வெள்ளக்காடானதையும் கருதினால், மணல்மேட்டைப் பேணுவது காட்டுயிர்க்கும் உலைக்கும் பொதுவான நலன் என்பது விளங்கும்.

வேலி காக்காதவை

தமிழக மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிற்றாமை, ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் இக்கடற்கரையில் குழி தோண்டி, ஒரு முறைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இடுகிறது. ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் பொரிந்து வரும் குஞ்சுகள், கடற்பரப்பின் மங்கிய ஒளியை நோக்கி நகரும் இயல்புடையவை என்பதால், நிலப்பக்கத்தில் எரியும் மின்விளக்குகள் அவற்றைத் திசைதிருப்பிச் சாவுக்கு இட்டுச் செல்கின்றன. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற இந்த உயிரினத்துக்குக் கரையிலுள்ள வேலி கடலில் உதவுவதில்லை. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, இழுவலைகளில் சிக்கி மூச்சுமுட்டியதே முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 அன்று தொடங்குகிறது. முட்டையிடும் உச்சப்பருவம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பிற நாடுகளின் படிப்பினை

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டர்க்கி பாயின்ட் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கால்வாய்களில் 1978 இல் அமெரிக்க முதலையின் கூடு கண்டறியப்பட்ட பின், நிலையமே கண்காணிப்புப் பணியை மேற்கொண்டது; அங்குப் பெருகிய முதலைகள், 2007 இல் அம்மாநிலத்தில் அவ்வினத்தின் ஆபத்து நிலை ஒரு படி தணிக்கப்பட்டதற்குத் துணைநின்றன. இங்கிலாந்தின் டங்கனெஸ் முனையில் அணுமின் நிலையங்களுக்குப் பக்கத்திலேயே பறவைக் காப்பகம் பேணப்படுகிறது. இரண்டு இடங்களிலும் வாழிடம், திட்டமிட்ட பொறுப்பேற்பினால்தான் நிலைபெற்றது.

கல்பாக்கத்திலும் அத்தகைய பொறுப்பேற்பு வெளிப்படையாக அமைய வேண்டும். வெளியேறும் நீரின் வெப்பநிலை, குளோரின் அளவு, கலக்குமிடத்தின் உயிர்வளம் ஆகியவற்றின் அளவீடுகளைக் குப்பத்து மக்கள் படித்தறியும்படி ஆண்டுதோறும் தமிழில் வெளியிடுவதும், ஆமைப் பருவத்தில் கடல் நோக்கிய விளக்குகளை மறைப்பதும், இழுவலைகளில் ஆமை தப்பிக்கும் பொறியைக் கட்டாயமாக்கி அதன் செலவை அரசே ஏற்பதும், பாலாற்றுக் கழிமுகத்தைச் சட்டப்படி காக்கப்படும் பகுதியாக அறிவிப்பதும் உடனே செய்யத்தக்கவை. உலைகள் ஒருநாள் ஓய்வுபெறும்; அவற்றின் வேலி அகலும் முன்பே இந்தக் கரைக்கு அதற்கெனவே ஒரு சட்டக் காப்பு கிடைத்தாக வேண்டும்.