பறங்கியோடு வந்ததா வேதம்?

வற்றாப்பளையில் பெரியவர்கள் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு. அம்மனின் சக்தியைப் பரிகசித்த பறங்கி அதிகாரி முன்னால் பன்னிச்சை மரம் தானாகவே ஆடி, காய்களை அவன்மேல் சொரிந்ததாம். கதைக்குப் பின்னால் மெய்யான வலி இருக்கிறது: 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் பறங்கிகள் எனப்பட்ட போர்த்துக்கேயர்தான்.

அந்த வலியோடு ஒரு தப்பெண்ணமும் ஊறிவிட்டது. வேதம் என்று இங்கே சொல்லப்படும் கிறிஸ்தவம் முழுவதும் பறங்கியின் வாள்முனையில் வந்தது, ஐரோப்பியர் எல்லாரும் அதற்குக் காவல் நின்றார்கள் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள்.

ஆனால் இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபை ஒன்று இருந்ததை 6ஆம் நூற்றாண்டிலேயே கொஸ்மாஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் குறித்து வைத்தார். சிலுவை செதுக்கிய கல் ஒன்று 1912இல் அனுராதபுரத்தில் கிடைத்தது.

மன்னாரின் கதை இன்னும் நெருக்கமானது. மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற சுமார் 600 பேர் 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். மன்னார்த் தீவைப் போர்த்துக்கேயர் பிடித்தது 1560இல். யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல். படை வந்து ஆளத் தொடங்குமுன்பே அங்கே வேதக்காரர் இருந்தார்கள்.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே, ஆனால் புரட்டஸ்தாந்துக்காரர். கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். குரு ஒருவரை ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று கட்டளையிட்டார்கள். 1670 அளவில் மாந்தைக் கத்தோலிக்கர் தங்கள் மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடினார்கள் என்கிறது மடு மாதா ஆலயத்தின் வரலாறு. கிறிஸ்தவ அரசுக்குப் பயந்த கிறிஸ்தவர்களுக்குக் காடுதான் அடைக்கலம்.

குருவே இல்லாமல் தவித்த அந்த மக்களைத் தேடி 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் யோசேவ் வாஸ் அடிகளார். அவர் ஐரோப்பியர் அல்லர், கோவாவில் பிறந்த கொங்கணிக்காரர். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தார்கள். பின்னர் கண்டிக்குப் போனபோது, பறங்கியின் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனே பிறகு அவருக்குப் பணிசெய்ய அனுமதி கொடுத்தான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, நோயாளிகளைச் சாதி சமயம் பாராமல் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார்.

2015 ஜனவரி 14 காலை, கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பின்னேரமே ஹெலிகொப்டரில் வன்னிக்கு வந்து, ஒல்லாந்தருக்குத் தப்பிய மடு மாதாவின் முன் நின்று செபித்தார்.