கட்டுச்சோறு: காவிரிப் படுகையின் வழியுணவு

கட்டுச்சோறு என்பது வீட்டில் சமைத்து, பயணத்திற்கோ வேலையிடத்திற்கோ கட்டி எடுத்துச் செல்லப்படும் சோறு ஆகும். இலையில் வைத்துத் துணியில் முடிந்து கட்டப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. பொதிசோறு, கட்டமுது, கட்டுசாதம் எனவும் இது அழைக்கப்படுகிறது. ஜப்பானியரின் பென்டோவைப் போலவே இதுவும் அரிசி உண்ணும் மக்களின் பழைய ஏற்பாடு. நெல் விளையும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு.

இலக்கியத்திலும் வழக்கிலும்

பழந்தமிழில் வழியுணவு ‘ஆற்றுணா’ எனப்பட்டது. ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. கற்றவர் எந்த நாட்டிற்குச் சென்றாலும் ஆற்றுணா தேவையில்லை என்னும் கருத்து பழமொழி நானூறில் இடம்பெற்றுள்ளது. சீர்காழிக்கு அருகிலுள்ள திருக்குருகாவூரில், பசியோடு வந்த சுந்தரருக்கும் அடியார்களுக்கும் சிவபெருமான் பொதிசோறு அளித்ததாகச் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் திருநாவுக்கரசருக்கும் அவ்வாறே அளித்ததாக அந்நூல் கூறும். நடந்தே ஊர் கடந்த காலத்தில் வழியில் சோறு கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை இக்கதைகளால் அறியலாம்.

திருமணம் முடிந்து புறப்படும் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கட்டுசாதக் கூடை கொடுப்பது சில குடும்பங்களில் இன்றும் நடைபெறுகிறது. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரைக்குச் சித்திரான்னங்களை எடுத்துச் சென்று குடும்பத்தோடு உண்பதும் இவ்வழக்கத்தின் தொடர்ச்சியே.

கெடாமல் காக்கும் முறை

வெறும் சோறு வெப்பமான ஊர்களில் விரைவில் கெட்டுவிடும். எனவே வழிப்பயணத்திற்குப் புளியோதரையே முதலிடம் பெற்றது. சோற்றை அகலமாகப் பரப்பி ஆறவைத்து, நல்லெண்ணெய் விட்டு, நன்கு வற்றக் காய்ச்சிய புளிக்காய்ச்சலைக் கலப்பர். புளியின் அமிலம் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோத்துச் சோறு கெடும். அதனால்தான் ஆறவைத்துக் கட்டுகின்றனர். தயிர்ச்சோற்றில் பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதளவும் சேர்ப்பர். உண்ணும் நேரத்திற்குள் பால் உறைந்து அளவான புளிப்பு வரும். வாழையிலையை அனலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது.

ஜப்பானியர் சோற்றின் நடுவே உமேபோஷி எனப்படும் உப்பிட்ட புளிப்புக் காயை வைப்பதும் சோறு கெடாமல் இருக்கவே.

வயலுக்குச் சென்ற சோறு

நடவு, களை, அறுப்பு வேலைகளுக்குச் சென்றவர்கள் கலயத்திலும் தூக்குச்சட்டியிலும் பழைய சோறோ கஞ்சியோ கொண்டு சென்றனர். இரவில் நீரூற்றி வைத்த சோறு விடிவதற்குள் நொதித்து இலேசாகப் புளிக்கும். காலையில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. வெங்காயம், பச்சை மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய் ஆகியவை தொட்டுக்கொள்ளப் போதுமானவை.

வண்டி வண்டியாக நெல் விளைவித்த பண்ணையாட்களின் கலயத்தில் பல நாட்கள் சோற்றைவிட நீரே மிகுதியாக இருந்தது. கூலி நெல்லாக அளந்து தரப்பட்டதால் கூலியின் அளவே சோற்றின் அளவாயிற்று. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இவர்களின் கூலியையும் வரையறுத்தது. 1960களின் கூலிப் போராட்டங்களிலும் கூடுதல் நெல்லே முதன்மைக் கோரிக்கையாக இருந்தது.

இலையிலிருந்து பாத்திரத்திற்கு

1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு இரயில் ஓடத் தொடங்கியது. இரயில் பயணமும் அலுவலக வேலையும் பெருகியபோது அடுக்குப் பாத்திரம், அதாவது டிபன் கேரியர், பரவியது. தொடக்கத்தில் இது பித்தளையால் செய்யப்பட்டது. புளி, பித்தளையோடு வினைபுரிந்து களிம்பை உண்டாக்கும் என்பதால் உட்புறம் ஈயம் பூச வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திர உற்பத்தியைத் தொடங்கி வைத்தார். எடையும் விலையும் குறைந்த அலுமினியத் தூக்குகள் பின்னர் எளியவர் வீடுகளுக்கும் வந்தன. அதன்பின் வந்த எவர்சில்வர் ஈயப் பூச்சின் தேவையையே நீக்கியது.

பள்ளியும் மதிய உணவும்

பள்ளியில் டப்பாவைத் திறக்கும்போது வீட்டு நிலைமையும் வெளிப்பட்டுவிடும். டப்பாவே இல்லாத பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட்டு அமர்ந்திருப்பர், அல்லது பள்ளிக்கே வரமாட்டார்கள். ஜப்பானிலும் பென்டோ பெட்டி மாணவரிடையே வேற்றுமையைக் காட்டியது. அங்கு 1954இல் பள்ளி உணவுச் சட்டம் இயற்றப்பட்டது.

தமிழகத்தில் 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் உணவு வழங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் விரிவாக்கம், 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் தொடங்கி வைக்கப்பட்டது. பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் மனத்தில் பதியாது என்பதே இத்திட்டங்கள் அனைத்திற்கும் அடிப்படை.

பழமொழி

‘கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?’ என்பது மக்கள் வழக்கு. பிறர் தந்த சோறும் அறிவுரையும் சில நாளே உதவும், பிறகு தன் முயற்சியே துணை என்பது இதன் பொருள். கற்றவருக்கு ஆற்றுணா வேண்டாம் என்ற பழங்கருத்தும் இதையே வேறு வகையில் கூறுகிறது. ஆனால் கற்கும் வயதில் அந்த ஒரு வேளைச் சோறு தவறாமல் கிடைத்தாக வேண்டும்.