சன்னலும் முகமும்

அஞ்செட்டியின் மலையோரத்து ஓட்டு வீடு ஒன்றில் நண்பகலில் அமர்ந்திருப்பவருக்கு, சன்னலுக்கு வெளியே வெயிலில் காயும் ராகிக் கொல்லையும், சன்னலோரம் அமர்ந்து பேசும் பாட்டியின் முகச் சுருக்கங்களும் ஒருசேரத் தெளிவாகவே தெரியும். அதே இடத்தில் திரைப்படக் காமிராவை நிறுத்தினாலோ, முகத்திற்கென லென்ஸின் துவாரத்தைத் திறந்தால் கொல்லை வெறும் வெண்மையாய் வெளிறிப்போகும். கொல்லைக்கெனச் சுருக்கினால் பாட்டி கரிய நிழலாகிவிடுவார். நேர்வெயிலின் பிரகாசம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். சிறு சன்னலுள்ள அறையின் உட்புறத்திலோ சில நூறு லக்ஸ் கிடைப்பதே அரிது. கணந்தோறும் தன்னைச் சரிசெய்துகொள்ளும் கண்ணுக்கு இவ்வித்தியாசம் பொருட்டல்ல. ஒரே அளவில் நிலைத்து நிற்கும் காமிராவுக்கு அது தாங்க முடியாத பாரம்.

சன்னலின் ஒளியைக் குறைக்கச் சாம்பல்நிறத் தாள் ஒட்டுவார்கள். 0.6 அடர்த்தி எண்ணுள்ள தாள் ஒளியில் நான்கில் ஒரு பங்கையும், 0.9 எண்ணுள்ளது எட்டில் ஒரு பங்கையுமே உள்ளே விடும். எஞ்சிய குறையை விளக்குகள் நிரப்பவேண்டும். பகலொளியின் வர்ண வெப்பநிலை சுமார் 5,600 கெல்வின், டங்ஸ்டன் விளக்கினுடையது 3,200. ஆதலால் விளக்குக்கு நீலத்தாளோ சன்னலுக்கு ஆரஞ்சுத்தாளோ இட்டு இரண்டையும் இணக்காவிடில், முகம் செம்மஞ்சளாகவும் வெளிப்புறம் நீலமாகவும் பிரிந்து நிற்கும். ஹெச்.எம்.ஐ. விளக்குகள் இயல்பிலேயே பகலொளியின் வர்ணமுடையவை என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால், காமிராவின் பக்கத்திலிருந்து ஒளியைக் கொட்டி முகத்தையும் கொல்லையையும் சமப்படுத்துவது, என் அபிப்பிராயத்தில், அந்த வீட்டின் உயிரையே பறிப்பதாகும். ஒளி எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையை மதித்தே விளக்கு வைக்கவேண்டும். இதை நம் நாட்டில் மகோன்னதமாக நிரூபித்தவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் நிர்மாணித்தபோது, அவர் மேலே வெள்ளைத்துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதன்மேல் பாய்ச்சி, திரும்பிப் பரவிய மென்மையான ஒளியைக்கொண்டே ஆகாயத்தின் வெளிச்சத்தைப் படைத்துக் காட்டினார். நம் படப்பிடிப்புகளில் லைட்மேன்கள் தெர்மாகோல் பலகையில் ஒளியை மோதவிட்டு முகத்தில் விழச்செய்வதும் அதே தத்துவந்தான். அப்பலகையைச் சன்னல் இருக்கும் பக்கமாகவே நிறுத்தி, முகத்தை வெளிப்புறத்தைவிடச் சற்று மங்கலாகவே விட்டு, சன்னல் கொஞ்சம் வெளிறினாலும் பொறுத்துக்கொள்வது நலம்.

சூரியன் காத்திராது, எனவே சன்னல் தெரியும் ஷாட்டுகளை முதலில் முடித்து, சன்னல் தெரியாதவற்றைப் பிற்பகலுக்கு ஒதுக்குவார்கள். அப்போது வெளியே ஒரு ஹெச்.எம்.ஐ. விளக்கை நிறுத்தி, அதே சன்னல் வழியே அதே நண்பகலைப் பாட்டியின்மேல் தொடர்ந்து பாய்ச்சலாம்.