கேம்பஸுக்கு வரும் கம்பெனி சொல்லியாக வேண்டியவை

உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் பலருக்கு முதல் வாசல் கேம்பஸ் இன்டர்வியூதான். ஐடிஐ, பாலிடெக்னிக், கலைக் கல்லூரி எதுவாக இருந்தாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றே. காலையில் எச்ஆர் வருவார், கம்பெனியின் பெருமையைப் பேசுவார், தேர்வு வைப்பார். சாயங்காலம் பெயர்ப் பட்டியல் வந்துவிடும். "பிள்ளைக்கு வேலை கிடைச்சிடுச்சு" என்று அன்றிரவே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும். பிள்ளை கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கிறவர் மட்டும் குறைவு.

பஸ் ஸ்டாண்டில் ஒரு ஏஜென்ட் வந்து வேலை தருகிறேன் என்றால் நாலு பேரிடம் விசாரிப்போம். அதே பேச்சைக் கல்லூரி முதல்வரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேசினால் விசாரிக்கத் தோன்றாது. கல்லூரி மீது நமக்குள்ள நம்பிக்கையை வைத்துத்தான் கம்பெனி அங்கே ஆள் எடுக்கிறது. அதனால் வெளியில் ஆள் எடுக்கும்போது இருப்பதைவிடக் கூடுதலான பொறுப்பு கம்பெனிக்கும் உண்டு, உள்ளே விட்ட கல்லூரிக்கும் உண்டு.

முதலில் தெரிய வேண்டியது, கிடைத்திருப்பது வேலையா, தொழில் பழகுநர் பயிற்சியா என்பது. மேடையில் "ஜாப்" என்று சொல்லிவிட்டுத் தாளில் "அப்ரென்டிஸ்" என்று போட்டிருந்தால் எல்லாமே மாறிப்போகும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரென்டிஸ் ஒரு பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்ல. அவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்தபின் வேலை தர வேண்டிய கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. இப்படிப் பயிற்சிக்குப் போவதில் தவறொன்றுமில்லை, கைத்தொழில் கற்க நல்ல வழி அது. தெரியாமல் போவதுதான் ஆபத்து. ஒரு வருஷம் கழித்து "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லும்போதுதான் பலருக்கு விஷயமே புரிகிறது.

அப்ரென்டிஸுக்கும் உரிமைகள் உண்டு. ஒப்பந்தம் அரசுப் போர்ட்டலில் பதிவாக வேண்டும். 2019ஆம் ஆண்டின் விதித் திருத்தப்படி டிப்ளமோ முடித்தவருக்கு மாதம் 8,000 ரூபாயும் பட்டதாரிக்கு 9,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கும் கீழே எழுதியிருந்தால் அது சட்டமீறல். இயந்திரத்தில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. போர்ட்டல் பதிவு எதுவும் இல்லாமல் "ட்ரெய்னி" என்று பேர் மட்டும் வைத்து லைனில் நிறுத்தி முழு உற்பத்தி வேலை வாங்கினால், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பொறுப்பிலிருந்து கம்பெனி அவ்வளவு எளிதில் நழுவிவிட முடியாது. கேம்பஸில் பேசியது ஒரு கம்பெனி, சம்பளம் போடுவது ஒரு கான்ட்ராக்ட் ஏஜென்சி என்ற நிலையும் உண்டு. பணிக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, கொடுத்த வாக்கு. எல் அண்ட் டி இன்ஃபோடெக் நிறுவனம் கேம்பஸில் தேர்ந்தெடுத்த தமிழ்நாட்டு மாணவர்களை நீண்ட நாள் காக்கவைத்து, மறுபடி ஒரு தேர்வு வைத்து, தேறவில்லை என்று 2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைவிட்டது. அவர்கள் சென்னையில் போராட வேண்டியிருந்தது. 2023இல் விப்ரோ, ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று சொல்லியிருந்த புதியவர்களிடம் மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. இன்ஃபோசிஸ் இரண்டு வருஷத்துக்கு மேல் காக்கவைத்துச் சேர்த்துக்கொண்டவர்களில் 300க்கும் மேற்பட்டோரை 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து அனுப்பியது. உள்தேர்வில் மூன்று வாய்ப்பு தந்தோம், ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் காத்திருந்த காலத்தில் அந்தப் பிள்ளைகள் வேறு வேலையைத் தேடாமல் விட்டிருப்பார்களே, அதற்கு யார் கணக்குச் சொல்வது?

கணக்குச் சொல்லாதவரை மறுபடி உள்ளே விடக்கூடாது என்ற விதி உத்திரமேரூருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் இவ்வூர்ச் சபை கல்லில் வெட்டிவைத்த, வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகளில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்படக் கூடாது என்றே இருக்கிறது. 2016இல் ஐஐடிகள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஆஃபரைத் திரும்பப் பெற்ற முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஓராண்டுக்குத் தங்கள் வளாகத்துக்குள் வரவிடாமல் தடுத்தன. ஐஐடியால் முடிகிறது, நம்மூர்க் கல்லூரியால் முடியாதா என்றால், தனியாக முடியாது என்பதுதான் உண்மை. ஒரு கல்லூரி கதவைச் சாத்தினால் கம்பெனி அடுத்த கல்லூரிக்குப் போய்விடும். காஞ்சிபுரம் மாவட்டக் கல்லூரிகள் எந்தக் கம்பெனி எத்தனை பேருக்கு ஆஃபர் கொடுத்தது, எத்தனை பேரைச் சேர்த்தது, ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற விவரத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டாலே போதும், பேரம் பேசும் பலம் வந்துவிடும்.

குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதித் தரும் பாண்டு பற்றிப் பெற்றோர் மிகவும் பயப்படுகிறார்கள். பாண்டு போடுவதே சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். தாளில் எழுதிய தொகை அதற்கான உச்சவரம்பு, அவ்வளவே. பத்து நாள் பயிற்சி கொடுத்துவிட்டுப் பெருந்தொகை கேட்டு மிரட்டினால் பயந்து கட்ட வேண்டியதில்லை, வழக்கறிஞரைப் பாருங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. அது அடகுப் பொருள் அல்ல. பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம், முன்பணம் என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இணையத்தில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும், தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம்.

"இப்போதே கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்" என்று நெருக்குவதும் தவறுதான். அமெரிக்காவில் கல்லூரிகளும் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் நேஸ் என்ற அமைப்பின் நெறிமுறைகள், மாணவர் யோசித்து முடிவெடுக்க நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கின்றன. நம்மூர் நிலைக்கு, தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மா அப்பாவிடம் காட்ட இரண்டு மூன்று நாள் கேட்பது அதிகமில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்ற செய்தி 2024 ஜூனில் வெளிவந்து, மத்திய அரசு அறிக்கை கேட்டது, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 2021 டிசம்பரில் அதே ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, தொழிலாளிகள் சாலையில் உட்கார வேண்டியதாயிற்று. கம்பெனி விடுதி தருகிறது என்றால் அதை நடத்துவது யார், ஒரு அறையில் எத்தனை பேர் என்று கேம்பஸிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ட்ரெய்னி, அப்ரென்டிஸ் எல்லோருக்கும் பொருந்தும், கம்பெனி பஸ்ஸுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் புகார் தர வேண்டும்.

பிரச்சினை வந்துவிட்டால் வாய்ப்பேச்சு உதவாது. ஆஃபர் கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி, கேம்பஸில் காட்டிய சம்பள விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதல் புகார் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலருக்கு, எழுத்தில். அப்ரென்டிஸ் விவகாரமானால், டிகிரி, டிப்ளமோ முடித்தவர்கள் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தை அணுகலாம். சம்பளம், பணிநீக்கம் என்றால் தொழிலாளர் துறை. வக்கீல் வைக்க வசதியில்லையே என்று கலங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அழைக்க வேண்டிய எண் 15100.

வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கேம்பஸ் தேதியைக் கொடுக்கும் முன், வேலையா பயிற்சியா, கையில் வரும் சம்பளம் எவ்வளவு, சேரும் தேதி எது, பாண்டு உண்டா என்ற நான்குக்கும் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் தமிழில் பதில் வாங்கி, நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். எழுதித் தர மறுக்கும் கம்பெனிக்குத் தேதி தர வேண்டாம்.